மாடுகள் சேர்ந்தே பருவத்துக்கு வருகின்றனவா? கணக்கில் உதவி வேண்டும்

எலகங்காவாசி:
பெங்களூரு எலகங்கா அருகே ஒரு பால் பண்ணையில் 14 பசுக்களைக் கவனித்து வருகிறேன், முதுகலை ஆய்வுக்காக. ஒன்று பருவத்துக்கு வந்தால் மற்றவையும் கூடவே வரும் என்று சத்தியம் செய்கிறார் பண்ணைக்காரர். ஜோடி ஜோடியாகத் தேதிகளைக் கழித்தால் சராசரி 5 நாள். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; அந்தச் சுழற்சியில் இது நெருக்கம்தானே? ஒரு ஜோடி மட்டும் உறுத்துகிறது: லட்சுமி 2ஆம் தேதி, கௌரி 21ஆம் தேதி. இன்னொன்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் நிற்கிறது, யார் படுத்திருக்கிறது என்று குறிக்கிறேன். மதியத்தில் ஏறக்குறைய எல்லாமே படுத்து அசைபோடுகின்றன. இதை ஒத்திசைவு என்று எழுதலாமா?

கணக்குப்பிள்ளை:
லட்சுமிக்கும் கௌரிக்கும் இடையே 19 நாள் அல்ல, 2 நாள்தான். 23ஆம் தேதி லட்சுமிக்கு அடுத்த பருவம் வந்துவிடுமே! கடிகாரம் போல வட்டமாக எண்ணுங்கள். அப்படி எண்ணினால் எந்த இரண்டு பசுவும் பத்தரை நாளுக்கு மேல் விலக முடியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்தாலும் சராசரி ஐந்தேகால் நாள் வரும். உங்கள் 5 அதன் பக்கத்திலேயே நிற்கிறது. விடுதி மாணவிகளின் மாதவிடாய் நாட்கள் நெருங்குவதாக 1971இல் மார்த்தா மெக்ளின்டாக் வெளியிட்ட ஆய்வும் பின்னாளில் 'தற்செயலாகவே இவ்வளவு நெருக்கம் வருமே' என்ற இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது.

தொழுவத்து டாக்டர்:
பதிவேட்டில் ஊசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், தக்க நிலையில் உள்ள பசுக்கள் இரண்டு முதல் ஐந்து நாட்களில் பருவத்துக்கு வரும். இரவில் யார் பார்க்கிறார்கள்? கறவை நேரத்தில் மட்டும் பார்த்தால் பல பருவங்கள் தவறிவிடும்.

கணக்குப்பிள்ளை:
படுப்பதற்கு: தீவனம் ஒரே நேரத்தில் விழுந்தால், வயிறு நிரம்பிய எல்லாமே படுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பசுவின் ஒரு நாள் பதிவையும், நேரம் மாறாமல், அதே பசுவின் வேறொரு நாள் பதிவோடு மாற்றிப் போடுங்கள். ஆயிரம் முறை கலைத்த பிறகும் மிஞ்சும் ஒற்றுமை தீவன நேரத்தால் வந்தது. அதை உங்கள் உண்மைப் பதிவு எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவுதான் மாடுகளின் பங்கு. மழை நாளை வெயில் நாளோடு கலக்காதீர்கள்.

எலகங்காவாசி:
பதிவேடு கிடைத்தது. மே மாதம் ஒரே நாளில் 8 பசுக்களுக்கு ஊசி. நான்காம் நாள் ஆறு பருவத்துக்கு வந்திருக்கின்றன. பண்ணைக்காரர் அடிக்கடி சொல்லும் "அந்த ஒரு நாள்" இதுதான். நான் போனது ஜூலையில். படுத்த பதிவையும் கலைத்துப் பார்த்தேன்: மதிய ஒற்றுமை கலைத்தாலும் அசையவில்லை. மாலை நான்குக்கு மேல்தான் உண்மைப் பதிவு சற்றே தாண்டுகிறது. அதுவும் பெரும்பாலும் லட்சுமி எழுந்தால் கௌரியும் எழுவதால்.