நெல் லோடு ஆற்றங்கரை ஏற மாட்டேங்குது: 45 எச்பி போதுமா, 55-க்குப் போகணுமா?

கோரையாற்றுப் படுகை:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் நிலம். சொந்தம் ஏழு ஏக்கர், குத்தகை ஐந்து. வீட்டில் இருப்பது பழைய 35 எச்பி டிராக்டர், கூடவே இரண்டு சக்கர டிரெய்லர். களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகணும்னா ஆற்றங்கரை ஏறித்தான் தார் ரோட்டைப் பிடிக்கணும். நூறு சிப்பம் ஏற்றினால் பாதிக் கரையில் நின்றுவிடுகிறது. ஐம்பது ஐம்பதாக அடித்தால் இரண்டாவது நடை போவதற்குள் வரிசையில் இடம் போய்விடும். இடையில் ஒரு தூறல் போட்டால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, மறுபடி கொட்டிக் காயவைக்கணும்.

வண்டியை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். மாமா "55 எடு, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறார். டீலர் 45 போதும் என்கிறார் (அவரிடம் 45 மட்டும்தான் கையிருப்பில் இருக்கு, அது வேற கதை). அதே வண்டியில் சேடையும் (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்டணும், ரோட்டவேட்டரும் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) போடணும். எது சரி?

மன்னை மெக்கானிக்:
தம்பி, நின்னுடுதுன்னா எப்படி நிக்குது? அதைச் சொல்லாம எச்பி பேசிப் பிரயோஜனமில்ல. கரும்புகை தள்ளி, இன்ஜின் சத்தம் இறங்கி அணையுதா? இல்ல இன்ஜின் நல்லா கத்துது, பின் சக்கரம் மட்டும் ஒரே இடத்துல சுத்துதா? அதுவும் இல்லாம, இன்ஜினும் கத்துது, சக்கரமும் சுத்தல, கருகல் வாடை வருதா? கடைசியா சொன்னது கிளட்ச் பிளேட்டு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கோரையாற்றுப் படுகை:
அண்ணே, காலையில் பனி ஈரத்தில் போனால் சக்கரம் சுத்துது. மத்தியானம் கரை காய்ந்தபிறகு போனால் ஏறப்பார்க்கும், ஆனால் கரும்புகை, இன்ஜின் திணறல். வாடை எதுவும் இல்லை.

மன்னை மெக்கானிக்:
அப்ப ரெண்டு வியாதி இருக்கு. முதல்ல ஏர் கிளீனரைக் கழட்டிப் பாருங்க. பழைய வண்டின்னா ஆயில் பாத் வகையா இருக்கும், அடிக் கிண்ணத்துல இருக்கிற ஆயில்தான் தூசியைப் பிடிக்கும். அறுப்பு சீசன்ல கதிர் மிஷினுக்குப் பக்கத்துலயே நிக்கிற வண்டிக்கு வைக்கோல் தூசி ஏறி அந்த ஆயில் களி மாதிரி ஆயிடும். காத்து பத்தலன்னா டீசல் முழுசா எரியாது, கரும்புகைதான் வரும், இழுவை போயிடும். கிண்ணத்தைக் கழுவி, குறி வரைக்கும் புது ஆயில் ஊத்துங்க. அதுக்கு மேல ஊத்தாதீங்க, இன்ஜின் ஆயிலை உறிஞ்சும். மேல இருக்கிற கம்பி வலையையும் டீசல்ல அலசணும். டீசல் ஃபில்டர் மாத்துங்க. அப்புறமும் புகை போகலைன்னா டீசல் பீச்சுற இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பெஞ்சுல போட்டுப் பாக்கணும். சில ஆயிரத்துல முடியிற வேலைக்கு வண்டியவே மாத்த வேணாம்.

சக்கரம் சுத்துறதுக்கு நான் சொன்னா நம்பமாட்டீங்க, கணக்குப் போடறவங்க யாராவது வரட்டும்.

திருவையாறு வாத்தியார்:
கூப்பிட்டதால் வந்தேன். உங்கள் லோடையே எடுத்துக்கொள்வோம்.

சிப்பம் 40 கிலோ, நூறு சிப்பம் 4,000 கிலோ. காலி டிரெய்லர் ஒன்றரை டன் என்று வையுங்கள், டிராக்டர் 1,900 கிலோ. மொத்தம் 7,400. பத்தடிக்கு ஓரடி உயரும் மண் கரை என்றால், ஏற்றத்துக்கே 740 கிலோ இழுவிசை வேண்டும். மண் பாதையில் சக்கரம் உருள்வதற்கு எடையில் நூற்றுக்கு ஐந்து, அது ஒரு 370. ஆக 1,110 கிலோ. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்கச் சக்கரத்தில் தேவைப்படுவது பதினாறு பதினேழு எச்பி. கியரில் போகும் நட்டத்தைச் சேர்த்தாலும் இருபதைத் தாண்டாது. நோயில்லாத 35 எச்பி இன்ஜினே இதைத் தாராளமாகச் செய்யும்.

இப்போது பிடிப்பு. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவ் டிராக்டரில் பின் அச்சில் ஏறக்குறைய 1,200 கிலோ உட்காரும். இரண்டு சக்கர டிரெய்லர் கொக்கியில் 500 கிலோ அழுத்தினால் 1,700. காய்ந்து இறுகிய மண்ணில் அதில் நூற்றுக்கு எழுபது பிடிப்பாகக் கிடைக்கலாம்: 1,190. மயிரிழையில் ஏறிவிடும். பனியில் நனைந்த களிமண்ணில் முப்பது நாற்பதுதான்: 510 முதல் 680. தேவை 1,110. காலையில் சுத்துகிறது, மத்தியானம் ஏறப்பார்க்கிறது என்று நீங்கள் சொன்னதும் இதுவேதான். அந்த ஈரத்தில் 55 எச்பி இன்ஜினை மாட்டினால், சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றிப் பள்ளம் பறிக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கரையின் சரிவை ஒரு மட்டக்குழாய் வைத்து அளந்து பாருங்கள். எட்டடிக்கு ஓரடி என்றால் காய்ந்த மண்ணிலும் நூறு சிப்பம் ஏறாது.

புது ஆத்துப் பாசனம்:
வாத்தியார் கணக்கு சரிதான், ஆனா 55 வீண்னு முடிவு கட்டாதீங்க. நான் ஒரத்தநாடு. எங்க பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும். நெல்லு மட்டுமில்லாம தென்னை, உளுந்து, கடலைன்னு வருஷம் முழுக்க வண்டி ஓடுது. ஏழடி ரோட்டவேட்டர் போட்டு வாடகைக்கும் ஓட்டுறேன். 55 எனக்குச் சோறு போடுது. பெரிய வண்டின்னா எடையும் கூட, வாத்தியார் சொல்ற பிடிப்பும் அதோட வருதுல்ல?

திருவையாறு வாத்தியார்:
வரும். உங்கள் மண்ணில் அது லாபம். அவருடையது வெண்ணாற்றுப் பாசனக் களி. அங்கே சேடை ஓட்டும்போது ஒவ்வொரு நூறு கிலோவும் வண்டியைக் கீழே அமுக்கும். ரோட்டில் கனம் வேண்டும், சேற்றில் கனம் கூடாது. அவர் சிக்கலே இதுதான். அதனால் கழற்றிப் போடக்கூடிய கனமாகப் பார்க்கணும். பின் சக்கரத்துக்கு இரும்பு வெயிட் இருக்கிறது. இல்லையென்றால் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பலாம். 13.6-28 டயருக்கு ஒரு பக்கம் 180 கிலோவுக்குக் குறையாமல் ஏறும். அறுவடைக்கு முன் நிரப்பி, மேட்டூர் திறந்து சேடை தொடங்குமுன் வடித்துவிடலாம். காசு அதிகமில்லாத வழி இது.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் அச்சின் எடையும் பிடிப்புக்கு வந்துவிடும். என் கணக்கில் ஈரக் கரையிலும் தொள்ளாயிரத்தைத் தொடும். அப்படியும் நூறு சிப்பம் ஏறாது, அறுபது அறுபத்தைந்து ஏறும். சேற்றிலும் உதவும். தார் ரோடு வந்ததும் அதை எடுத்துவிடணும், இல்லையென்றால் முன் டயர் சீக்கிரம் தேயும்.

கோரையாற்றுப் படுகை:
நன்றி சார். அப்ப 45-லேயே பார்க்கிறேன். ஆனால் மஹிந்திரா 575-ல் 45 எச்பி 1900 ஆர்பிஎம்-ல் வருது, குபோட்டா எம்யூ4501-ல் அதே 45, 2500-ல் வருது. ஒன்று 2730 சிசி, இன்னொன்று 2434. சிசி பெரிசா இருந்தால் இழுவை கூட என்று டீக்கடையில் சொல்கிறார்கள்.

மன்னை மெக்கானிக்:
டீக்கடையில பாதிதான் சொல்லியிருக்காங்க. மெதுவா சுத்துற இன்ஜின்ல டார்க், அதாவது சுழற்றுற விசை, கூடத்தான் இருக்கும். ஆனா சக்கரத்துக்குப் போறது கியர் வழியா. வேகமா சுத்துற இன்ஜினுக்குக் கியரை அதுக்கேத்த மாதிரி குறைச்சு வச்சிருப்பான். ஒரே எச்பி, ஒரே ரோடு வேகம்னா சக்கரத்துல இழுவை ஏறக்குறைய ஒண்ணுதான்.

நீங்க கேக்க வேண்டியது, லோடு ஏறி ஆர்பிஎம் இறங்கும்போது டார்க் எவ்வளவு ஏறுதுன்னு. பேக்கப் டார்க்னு சொல்லுவாங்க. அது நல்லா இருந்தா கரை நடுவுல கியர் மாத்தாம மூச்சுப் பிடிச்சு ஏறிடும். நடுவுல கிளட்ச் மிதிச்சீங்கன்னா பின்னாடி உருளும், அதான் ஆபத்து. அடியிலேயே சின்ன கியர் போட்டு, நிக்காம ஏறணும். ரோட்டவேட்டருக்கு பிடிஓ எச்பி (பின்னாடி கருவியைச் சுத்துற தண்டுல கிடைக்கிற எச்பி) பாருங்க, இன்ஜின் எச்பில ஏறக்குறைய 85 சதவீதம் வரும். ஆறடிக்கு 45 பத்தும். ரெண்டு வண்டியையும் உங்க கரையில, உங்க டிரெய்லரை மாட்டி டெமோ காட்டச் சொல்லுங்க. ஷோரூம் வாசல்ல ஓட்டிப் பாக்கறதுல ஒண்ணும் தெரியாது.

பொன்னி வயல்:
தம்பி, எல்லாரும் ஏறுறதையே பேசுறீங்க. மறுபக்கம் இறங்கணுமே? அஞ்சரை டன் பின்னாடி தள்ளும், ரெண்டு டன் வண்டி முன்னாடி நிக்கும். எங்க ஊர்ல டிரெய்லர்ல பிரேக் இருக்கான்னு யாரும் கேக்குறதே இல்ல. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டுறாங்க. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைச்சிருக்கணும், வயல்ல திருப்பறதுக்குப் பிரிச்சு விட்டதை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவந்தா ஒரு பக்கம் பிடிச்சு இழுத்துடும். எந்த வண்டி வாங்கினாலும் ஆயில்ல மூழ்கின பிரேக்கா பாருங்க, சேறு உள்ள போகாது.

டிரெய்லரை எப்பவும் கீழ் கொக்கியிலதான் மாட்டணும். உசரத்துல, டாப் லிங்க் (கலப்பையோட மேல் கம்பி மாட்டுற) இடத்துல சங்கிலி கட்டி இழுத்தா முன் சக்கரம் தூக்கி வண்டி மல்லாந்துடும். டிரெய்லரோட முன்பக்கம் அதிகமா மூட்டை அடுக்கினாலும் ஸ்டியரிங் லேசாயிடும், ஏத்தத்துல நீங்க திருப்பற பக்கம் போகாது.

இன்னொண்ணு. மூட்டை மேல ஆள் உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் இருக்கான்னும், பாலிசியில அது சேந்திருக்கான்னும் பாருங்க. விவசாயப் பதிவு வண்டியில வாடகைக்குச் செங்கல் ஏத்தி விபத்தானா, இன்சூரன்ஸ்காரங்க கையை விரிச்சிடலாம். ஒரத்தநாட்டு அண்ணன் கோச்சுக்க வேணாம், பொதுவாத்தான் சொல்றேன்.

புது ஆத்துப் பாசனம்:
கோவம் இல்லக்கா. உழவு வாடகைதான், செங்கல் ஏத்துறதில்ல 😄

கோரையாற்றுப் படுகை:
ஏர் கிளீனரைக் கழட்டினேன் அண்ணே. அடியில் ஆயிலே இல்லை, தார் மாதிரி கெட்டியாக ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. கழுவி மாட்டியாச்சு, புகை பெருமளவு குறைந்திருக்கு. டெமோவுக்கு இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறேன், ஃபோர் வீல் மாடலைத்தான் கேட்டேன். டிரெய்லருக்கு பிரேக் வைக்கப் பட்டறையில் விலை கேட்கணும்.

கடைசியாக ஒன்று: என்னிடம் பழைய கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) ஒரு ஜோடி இருக்கு. புது வண்டிக்குப் பொருந்துமா?

மன்னை மெக்கானிக்:
பழைய வண்டியோட பின் டயர்ல என்ன நம்பர் எழுதியிருக்குன்னு பாருங்க. 12.4-28னு இருந்தா ரிம் 28 இன்ச்சு, 13.6-28க்கும் ரிம் அதேதான். ஆனா டயர் உயரம் மாறும், கேஜ் வீலோட சுத்தளவு அதுக்கேத்த மாதிரி இருக்கணும். ஆணித் துளையும் வண்டிக்கு வண்டி மாறும். டெமோ வண்டி வரும்போது அதையும் வச்சுப் பாத்துடுங்க. பொருந்தலைன்னா துளை மாத்திப் போட பட்டறைக்காரரே போதும், புதுசு வாங்க வேணாம்.