புதுப்பிப்பு: பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் மருந்துகள்

கோவிட் குணமாகிச் செம்பூர் வீட்டுக்கு வந்த பெரியப்பாவுக்கு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எப்போது நிறுத்துவது என்றே டிஸ்சார்ஜ் தாளில் இல்லை என்று போன பதிவில் கேட்டிருந்தேன். சர்க்கரை நோயாளி அவர். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எல்லாத் தாள்களையும், வீட்டில் இருந்த பழைய மாத்திரை அட்டைகளையும் எங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டினோம். ஆக்சிஜன் தேவைப்பட்டபோது ஸ்டீராய்டு சரியான மருந்துதான். 2020இல் கோவிட் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் இதைக் கொடுத்தது தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். அதையும் தாண்டிப் போனால் சர்க்கரை எகிறும், கரும்பூஞ்சைத் தொற்று ஆபத்தும் கூடும். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர் சட்டென்று விடவும் கூடாதாம். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஓய்ந்து போயிருக்கும். படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்தார், இன்சுலினையும் மாற்றினார்.

இதைவிடப் பெரிய விஷயம் அட்டைகளில் இருந்தது. இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்டுக்காகப் பெரியப்பா ஏற்கெனவே குளோபிடோக்ரெல் என்ற, ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அதன் மேல் ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ரிவரோக்சபானைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து அதிகம். பழைய மருந்துகள் என்னென்ன என்று அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை, எனக்கு ஆறவே இல்லை. குடும்ப டாக்டர் இதய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு ரிவரோக்சபானை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா இப்போது பரவாயில்லை. அடுத்த வாரம் மறுபடி ரத்தப் பரிசோதனை.