பழைய ஹைலக்ஸ் பின்ஸ்பிரிங்: தகடு கூட்டிறதா, கட்டை வைக்கிறதா?

நாலுசில்லு
எல்என்106 ஹைலக்ஸ் டபிள் கப், 3எல் ரக எஞ்சின். பின்பக்க ஸ்பிரிங் தகடுகள் வளைவு விட்டு, வெறுமையாய் நிற்கேக்கையே தட்டையாக் கிடக்கு. காலபோக அறுவடைக்கு ஒட்டுசுட்டான் பக்க வயலில இருந்து 14 மூட்டை நெல் (மூட்டை 65 கிலோ) வாய்க்கால் கரையால வரவேணும். பாரம் ஏத்தினால் ரப்பர் ஸ்ரொப்பரில அடிக்குது. 2 அங்குலம் உயர்த்தவேணும். கராஜில இரண்டு வழி சொல்லுகினம்: லொறித் தகடு வெட்டிச் சேர்க்கிறது, இல்லாட்டி அக்சிலுக்கு மேல இரும்புக் கட்டை. எது நிலைக்கும்?

முறிகண்டி டீசல்
தகடுதான் தம்பி, யோசிக்காதையும். பக்கத்துக்கு இரண்டு லொறித் தகடு. 14 மூட்டை 910 கிலோ, ஆக்களோட ஒரு தொன்னைத் தாண்டும். கட்டை உயரத்தைத்தான் தரும், பாரத்தைத் தாங்காது. வன்னியில ஓடுற பழைய கப் வாகனங்களில பாதி இப்பிடித்தான் ஓடுது.

கட்டுக்கரை
ஓடுதுதான், எப்படி ஓடுது என்றும் சொல்லுங்கோ அண்ணை. தகட்டின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். 7 மி.மீ. தகடு ஐந்து உள்ள ஸ்பிரிங் கட்டில் 8 மி.மீ. முழுநீளத் தகடு ஒன்றைச் சேர்த்தாலே விறைப்பு ஏறக்குறைய 30 வீதம் கூடும். இரண்டு சேர்த்தால் 60 வீதம். வெறுமையாக வரும்போது பின்பக்கம் துள்ளும், ஈரக் களியில் ஒரு சில்லு அந்தரத்தில் நிற்க மற்றது புதையும்.

இன்னொன்று, ஹைலக்ஸ் தகடு 60 மி.மீ. அகலம். லொறித் தகடு பெரும்பாலும் 70. அந்த 10 மி.மீ.ஐக் காஸில் வெட்டுவார்கள். வெட்டிய ஓரம் பதம் கெட்டு, அரிவாள் பல்லுப் போலச் சொரசொரத்து நிற்கும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

முறிகண்டி டீசல்
வெட்டின ஓரத்தை கிரைண்டரால மழுக்கி விட்டால் சரி. புதுத் தகடு தேடுற காசுக்குப் பழைய தகட்டையே கொல்லன் உலையில காய்ச்சி வளைவு எடுக்கலாம்.

கட்டுக்கரை
மழுக்கினால் பல்லுத்தான் போகும், போன பதம் திரும்பாது. உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, காற்றில் ஆறவிட்ட தகடு ஸ்பிரிங்கே இல்லை. ஸ்பிரிங் உருக்கை 850 பாகை அளவில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 450-500 பாகையில் பதம் இறக்க வேண்டும். அந்த இரண்டாவது அடுப்பு இல்லாத பட்டறையில் சூடாக்கவே விடாதீர்கள். பிரஸ்ஸில் குளிராக வளைப்பது பரவாயில்லை, ஆனால் களைத்த தகடு பாரம் பட்டதும் மெல்ல மெல்லப் பழையபடி தட்டையாகும்.

பனங்காமம்
இரண்டு பேரும் கட்டையைக் கழிச்சு விட்டியள். 2 அங்குலக் கட்டை சரியா 2 அங்குலம் தரும், விறைப்பு மாறாது, பினியன் (டிரைவ் தண்டு அக்சிலுக்குள்ள நுழையிற மூக்கு) கோணமும் மாறாது. சில பேர் போடுற நீள ஷக்கிள் (தகட்டின் பின்முனையைத் தொங்கவிடுற இணைப்பு) அப்பிடி இல்லை: 50 மி.மீ. நீட்டினால் அரைவாசி, 25தான் உயரும். அதோட பினியன் மூக்கு 2 பாகை போல மேல தூக்கும், தண்டு யொயின்ற் அதிரும், கோணத்தைத் திருத்தச் சரிவான ஆப்புத்தகடு தேவைப்படும் (தகடு அக்சிலுக்கு மேல இருக்கிறபடியால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னுக்கு).

கட்டை வைக்கிறதெண்டால் ஒற்றைக் கட்டை, வார்ப்பிரும்பு அல்லது உருக்கு. மரமோ, இரண்டை அடுக்குறதோ வேண்டாம். ஸ்ரொப்பரையும் அதே 50 மி.மீ. கீழ இறக்கவேணும், இல்லாட்டித் தகடு எதிர்ப்பக்கம் வளைஞ்சு முறியும். பிறேக் குழாயும் ஷொக்கும் முழுக்கத் தொங்கவிட்டு எட்டுதோ எண்டு பாருங்கோ.

கட்டுக்கரை
கணக்கு சரி. ஆனால் கட்டை அக்சிலைத் தகட்டிலிருந்து தள்ளி வைக்கிறது. முதல் கியரில் சேற்றில் இழுக்கும்போது அக்சில் முறுகும் நெம்புகோல் நீளம் கூடுகிறது. இவருடைய தகடு ஏற்கெனவே களைத்தது, முறுகலை அது எங்கே தாங்கும்? ஸ்ரொப்பரை இறக்கினால் அடிப்பதும் அப்படியே இருக்கும். நல்ல தகட்டுக்குக் கீழே கட்டை வைப்பது வேறு கதை.

ரயர்க்காரன்
ஒருத்தரும் கேக்கேல்ல: 2 அங்குலம் ஏன்? உடம்பு உரசுதா, அக்சில் நடுவில உள்ள டிபரென்சியல் உரசுதா? உழவு மெஷின் கிழிச்ச தடத்தில நடுமேட்டில இழுபடுறது டிபரென்சியல் எண்டால் தகடும் கட்டையும் அதை ஒரு மி.மீ. கூடத் தூக்காது. 205-16 ரயரை மாத்தி 7.50-16 போட்டால் அக்சில் 3 செ.மீ. மேல வரும். கியர் 10 வீதம் போலப் பாரமாகும், வேகமானி குறைச்சுக் காட்டும், அதுதான் விலை.

நாலுசில்லு
உரசிறது உடம்புதான், ரோ பாரும் (பின் இழுவைக் கம்பி) புகைக்குழாயும். அப்ப புது ஸ்பிரிங் கட்டு வாங்கினால்?

கட்டுக்கரை
வாங்குங்கள். நிரந்தரப் பாரத்துக்கென்று 300 கிலோ, 500 கிலோ எனத் தரம் பிரித்து 2 அங்குல உயரத்தோடு முழுக்கட்டு வருகிறது. அறுவடைக்கு மட்டும் பாரம் என்றால் 300 போதும். ஒரே நடையில் ஒரு தொன்னைத் தாண்டினால் ஸ்பிரிங் தாங்கினாலும் அக்சில் பெயரிங்குக்கும் ரயருக்கும் அது கூடுதல், 14 மூட்டையை இரண்டு நடையாக்குங்கள்.

பனங்காமம்
பூட்டும்போது கவனிக்கவேண்டியது:

தகட்டை அக்சிலோட பிணைக்கிற பழைய யூ போல்டைத் திரும்பப் போடாதேங்கோ, மரை ஒருக்கா இழுபட்டது. தகடுகளை நடுவில கோக்கிற சென்டர் போல்ட் தலை அக்சில் மேடையில் உள்ள துளைக்குள்ள முழுசா இறங்கினதோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. மேடையில துருவுக்கு நடுவில பளபளவெண்டு தேய்ஞ்ச அடையாளம் இருந்தால் பழைய யூ போல்ட் தளர்ந்து அக்சில் நகர்ந்திருக்கு. அப்பிடியே ஓடினால் சென்டர் போல்ட் முறிஞ்சு அக்சில் சரியும். நாலு நட்டையும் குறுக்குமாறா இறுக்கி, 100 கிலோமீற்றரில ஒருக்கா, 500இல ஒருக்காத் திரும்ப இறுக்கவேணும். தகட்டு முனையில உள்ள ரப்பர் புஷ் போல்டுகளை வண்டி சில்லில நிக்கேக்கதான் இறுக்கிறது. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும்.

முறிகண்டி டீசல்
தகடுக்கு நடுவில கிறீஸ் பூசச் சொல்லேல்லையே?

பனங்காமம்
மணல் பாதையில கிறீஸ் மண்ணைப் பிடிச்சு அரத்தூளாக்கிப்போடும். துருவைச் சுரண்டி கிராபைட் பூசினால் காணும்.

கட்டுக்கரை
கடைசியாக பிறேக் வால்வு. அக்சிலிலிருந்து கம்பி போய்ப் பின்பிறேக் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்ப மாற்றும் வால்வு இந்த வண்டியில் இருக்கிறது. உயர்த்தியதும் அது “பாரம் இல்லை” என்று எடுத்துக்கொண்டு பின்பிறேக்கைக் குறைத்துவிடும். ஆகவே அந்தக் கம்பியின் அக்சில் பக்கத் தாங்கியை 50 மி.மீ. உயர்த்துங்கள்.

பனங்காமம்
கட்டையெண்டால் அதே 50இல கணக்கு முடியும். உங்கட விறைத்த கட்டில பாரம் ஏத்தினாலும் தாழாது, வால்வுக்கு எப்பிடித் தெரியும்?

கட்டுக்கரை
தெரியாதுதான், அங்கே உங்கள் பக்கம் நியாயம். அதனால் பாரமின்றி, ஆளில்லாத கிரவல் பாதையில், 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். பின்சில்லு முந்திப் பூட்டி (சுழலாமல் நின்று) இழுபட்டால் தாங்கியை 5 மி.மீ. இறக்கித் திரும்பப் பாருங்கள். முன்சில்லு முதலில் பூட்டும் இடத்தில் நிறுத்தி, பாரம் ஏற்றியும் ஒருமுறை சோதியுங்கள்.