ஆரல்வாய்மொழி தாண்டினால் பேச்சு ஏன் மாறுகிறது?

தோவாளைக்காரன்:
நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டர்தான், இடையில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதற்குள் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. நெல்லையில் "சொல்லுதேன்", எங்கள் பக்கம் "சொல்லுகேன்". அங்கே "என் வீடு", இங்கே "எனக்க வீடு". எல்லைதான் காரணம் என்பேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. எங்கள் வீட்டுப் பழைய பத்திரம்கூட மலையாளத்தில்தான் இருக்கிறது.

பாளை அண்ணாச்சி:
தம்பி, அப்படியானால் செங்கோட்டைக்கு என்ன சொல்வீர்கள்? அதுவும் 1956 வரை அதே பக்கம்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று கேளுங்கள், தென்காசிப் பேச்சுதான் காதில் விழும். ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. சந்தையும் சம்பந்தமும் தென்காசியோடு. யார் ஆண்டார்கள் என்பதைவிட யார் வீட்டில் பெண் எடுத்தோம் என்பதே பேச்சைத் தீர்மானிக்கிறது. அப்புறம், "எனக்க" மலையாளம் இல்லை. அவர்களுக்கு "என்டெ".

தோவாளைக்காரன்:
"எனக்க" மலையாளம் என்று நான் சொல்லவே இல்லையே, அண்ணாச்சி. அது எங்கள் தமிழ். செங்கோட்டை விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலையைக் காரணம் காட்டாதீர்கள். ஆரல்வாய்மொழியில் இருப்பது கணவாய். ஆளும் வண்டியும் எப்போதும் போய்வந்த வழி அது. வழி திறந்திருந்தும் பேச்சு கலக்கவில்லையே!

மார்த்தாண்டம் மகள்:
இரண்டு பேரும் நாகர்கோவிலோடு நின்றுவிட்டீர்கள். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் வந்தால் எங்கள் ஊர். நாங்கள் குடிப்பது "வெள்ளம்". நாகர்கோவிலில் கல்லூரி சேர்ந்த முதல் நாள் "கொஞ்சம் வெள்ளம் தா" என்றேன். பெஞ்சே சிரித்தது. மூன்று வருஷமும் அங்கே "தண்ணி" என்றுதான் கேட்டேன். இன்று நினைத்தாலும் வலிக்கிறது. இரண்டு ஊருக்கும் ராஜா ஒருவர்தான், நடுவில் மலையும் இல்லை. இதற்கு என்ன காரணம்?

பாளை அண்ணாச்சி:
மகளே, சிரித்தது தப்பு. ஆனால் நான் சொன்னதுதான் இங்கேயும். உங்கள் சந்தையும் சம்பந்தமும் கேரளத்துப் பாறசாலைப் பக்கமாக இருந்திருக்கும்.

மார்த்தாண்டம் மகள்:
சந்தை சரி, அண்ணாச்சி. சம்பந்தம் இல்லை. எனக்க அம்மை நாகர்கோவில் வடசேரிக்காரி. வீட்டில் அவர் கடைசிவரை "தண்ணி" என்றுதான் சொன்னார். நானும் தம்பியும் "வெள்ளம்" என்றோம். தெருவில் எங்களோடு விளையாடிய பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொன்னார்கள்.