ஊட்டி கல் பங்களாவை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் யாராவது?

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில்தான் மூன்று வருஷம் படித்தேன். வளாகத்துக்குள் இருக்கிற அந்தப் பழைய கல் கட்டடத்தை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கப் போன அன்று நல்ல மழை, அதன் சுவரோரம் ஒதுங்கினேன். பக்கத்தில் குடையோடு நின்ற பெரியவர், "சல்லிவன் துரை வீடு தம்பி, கல் பங்களா" என்றார். சும்மா கையை வைத்துப் பார்த்தேன், ஸ்வெட்டருக்குள் ஏறுகிற குளிர், விரலெல்லாம் பச்சைப் பாசி.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், ஊட்டியின் முதல் பங்களாவே இதுதானாம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்ட ஆரம்பித்திருக்கிறார். மலையடிவாரச் சிறுமுகையிலிருந்து மேலே கோத்தகிரி பக்கத்துத் திம்பட்டிக்கு அவர் போட்ட பாதையே 1823-ல்தான் முடிந்தது என்றால், கதவும் கண்ணாடியும் எப்படி மேலே வந்திருக்கும்? ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கூலிக்காரர்கள் பெயர் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

—

அண்ணா, நானும் அதே காலேஜ்தான். அந்த நிலத்தை, நீலகிரியில் எருமை வளர்க்கிற பழங்குடிகளான தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னோடு படித்த தோடர் பையனிடம் இதைக் கேட்டபோது, "எருமை மேயுற இடத்துக்கு ஏதுடா ரேட்டு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் மேய்ச்சல் நிலம் தோடர்களுக்கு உரியது, அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று பின்னாளில் வாதாடியதும் இதே சல்லிவன்தான். ஆளை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

—

நான் கோத்தகிரிக்காரி. ஊட்டிக்கு முன்னாடியே எங்கள் கன்னேரிமுக்கில் 1819-ல் அவர் வீடு கட்டிவிட்டார், இப்போது நினைவகமாக இருக்கிறது, அதையும் போய்ப் பாருங்கள். அப்புறம் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போங்கள். அவர் மனைவியும் மகளும் 1838-ல் இறந்து அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். போன டிசம்பரில் நான் போனபோது சரியான மூடுபனி, எழுத்தை வாசிக்க முடியாமல் அம்மாதான் முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டாள்.