முதல் நாவல் ஆளை ரெண்டாவதுல கொண்டு வரலாமா?

(குழு: நம்ம வீட்டு வாசகர்கள்)

கவின்: என் முதல் நாவல்ல வர்ற நர்ஸ் ரோசியை இப்ப எழுதுற ரெண்டாவதுலயும் கொண்டு வரலாமா சித்தி? ரெண்டும் ஒரே ஊர்தான்.

மீனா சித்தி: தாராளமா. ஆனா “அன்னைக்கு நடந்தது உங்களுக்கே தெரியுமே”ன்னு அவளைப் பேச விட்டுடாதே. புதுசாப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

வசந்தா பெரியம்மா: வேண்டாம்டா. கை கட்டிப் போயிடும். கல்கி பார்த்திபன் கனவைத்தான் முதல்ல எழுதினார். அதுலயே நரசிம்மவர்மர் சக்கரவர்த்தி, குந்தவி அவர் மகள். அப்புறம் எழுதின சிவகாமியின் சபதம் அதுக்கு முந்தின காலத்துக் கதை. அதுல அவரைப் போர்ல சாக விட முடியுமா?

மீனா சித்தி: அதனாலதான்க்கா அது அவ்வளவு கனக்குது. அவர் பிழைப்பார்னு தெரியும். சிவகாமி கதி என்னன்னுதான் மனசு பதைக்குது.

தேன்மொழி: காலம் முன்னபின்ன ஆனா சமாளிக்கலாம். ஆள் கணக்கு இடிச்சாதான் வம்பு. பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா ஒரே குடும்பத்தை வெச்சு 20 நாவல் எழுதினார், 1871லேருந்து 1893 வரை. வம்சப் படமே போட்டு வெச்சிருந்தார். 1877ல வந்த நாவல்ல அந்தக் குடும்பத்துப் பொண்ணு ஜெர்வேஸ் ரெண்டு பசங்களோட பாரிஸ் வர்றா, க்ளோடும் எத்தியேனும். கொலைவெறி பிடிச்சவன் கதைக்கு எத்தியேனைத்தான் நினைச்சிருந்தார். ஆனா 1885ல ‘ஜெர்மினால்’ல அவனைச் சுரங்கப் போராட்டத்துக்குத் தலைவனாக்கிட்டார். அவனையே ரயில் டிரைவராக்கிக் கொலை பண்ண வைக்க முடியல. அதனால 1890ல வந்த கொலைக் கதையில ஜெர்வேஸுக்கு ழாக்னு இன்னொரு மகன் முளைச்சான். சின்னதுலயே ஊர்ல ஞானத்தாய்கிட்ட விட்டுட்டு வந்தாங்களாம்!

வசந்தா பெரியம்மா: படம் போட்டவருக்கே அந்தக் கதி பாத்தியா.

கவின்: அப்ப நான் எதையெல்லாம் குறிச்சு வைக்கணும்?

மீனா சித்தி: ஒரு நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. பிறந்த வருஷம், வேலை, சொந்தபந்தம், எந்த ரகசியம் எப்போ தெரிஞ்சுது. பக்கத்துலயே முதல் நாவலோட பக்க எண். ரகசியம்தான் ரொம்ப முக்கியம். வயசு ஒண்ணு ரெண்டு பிசகினா பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. தெரிஞ்சிருக்கவே கூடாததை ரோசி பேசினா கதையே உடைஞ்சுடும்.

தேன்மொழி: 1998ல அவளுக்கு 24ன்னா, 2015ல 41. புது நர்ஸை அதட்டுற மாதிரி டாக்டர் அவளை அதட்டினா ஒட்டாது.

வசந்தா பெரியம்மா: சரி, ஒண்ணு பண்ணு. ரோசி பேரை அடிச்சுட்டு வெறும் ‘நர்ஸ்’னு போட்டுப் படி. அப்பவும் காட்சி நின்னா ரோசி வரட்டும். நிக்கலைன்னா அந்தக் காட்சியை முதல்ல சரி பண்ணு.

கவின்: மூணாவது அத்தியாயத்துல இன்னைக்கே அடிச்சுப் பாக்குறேன் பெரியம்மா.