நடுவானில் புகை: மலேசியாவின் பந்திங் பக்கத்து அனுபவங்கள்

பந்திங்வாசி:
திருச்சியிலிருந்து கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் கலியாணத்துக்குப் போய்வந்தவர்கள். இருக்கைக்கு மேலே முழுக்கப் பலகாரப் பைகள். கடலுக்கு மேல் வரும்போது ஒரு சாமான் பெட்டியின் இடுக்கில் வெள்ளைப் புகை வழிந்தது. நகப்பூச்சு நெடி. விமானப் பணிப்பெண் தீயணைப்பானை அடித்தார். அணைந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சீறியது. பிறகு தண்ணீர் போத்தல், ஆரஞ்சு ஜூஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றினார்கள். யாருடையதோ பவர் பேங்க். பை கருகி, உள்ளே இருந்த முறுக்கு ஜூஸில் ஊறிக் கிடந்தது.

பினாங்கில் அவசரமாக இறக்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், பக்கத்து ஆள் எழுந்து பையை இழுக்கிறார்! “உயிர் பெரிதா, முறுக்கு பெரிதா? உட்காரப்பா!” என்று முன்வரிசைப் பாட்டி ஓர் அதட்டல் போட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்திருப்பார் போலும், விமானமே அடங்கிவிட்டது.

செப்பாங் பராமரிப்பாளன்:
அண்ணன் சொன்ன அந்த ‘மறுபடியும் சீறியது’தான் லித்தியம் மின்கலத்தின் குணம். தீயணைப்பானில் இருக்கும் ஹாலோன் வாயு சுடரை அணைக்கும், சூட்டைத் தணிக்காது. வெந்த செல் பக்கத்துச் செல்லையும் கொளுத்திவிடும். அதனால்தான் தண்ணீர். ஐஸ் மட்டும் போடக்கூடாது, சூடு உள்ளேயே அடைபட்டுவிடும்.

தரையிறங்கிவிட்டால் பிழைத்தோம் என்றும் இல்லை. 1980 ஆகஸ்ட் 19 அன்று சவுதியா 163 விமானம் சரக்கறையில் தீயோடு ரியாத்தில் ஒழுங்காகத்தான் இறங்கியது. ஆனால் உடனே நிற்காமல் ஊர்ந்து போனது. எஞ்சின் நின்று 20 நிமிடத்துக்கு மேலாகியே வெளியிலிருந்து கதவைத் திறந்தார்கள். 301 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

2016 ஜூன் 27 அன்று சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கதையே வேறு. மிலானுக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஞ்சின் எண்ணெய்க் கோளாறால் திரும்பி வந்தது. எரிபொருள் கசிந்திருந்ததால், இறங்கியதும் வலது இறக்கை பற்றிக்கொண்டது. 241 பேரையும் உள்ளேயே உட்காரவைத்துத் தீயை அணைத்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஓடுவதா உட்காருவதா என்பதை சன்னல் வழியே பார்க்கும் நம்மால் முடிவு செய்ய முடியாது. பாட்டி சொன்னது சரி.

கேரித் தீவு அக்கா:
தம்பி, என் மகன் சென்னைக்குப் படிக்கப் போகிறான். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வைத்திருக்கிறான். கொண்டுபோகலாமா?

செப்பாங் பராமரிப்பாளன்:
போகலாம் அக்கா. அதில் அடங்கும் மின்னாற்றல் ஏறக்குறைய 74 வாட்-மணி. 100 வரை அனுமதி. பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், கையோடுதான் வைத்திருக்க வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் அதை மேலே வைக்கவும் பறக்கும்போது பயன்படுத்தவும் விடுவதில்லை; இருக்கைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். லேசாக உப்பியிருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடட்டும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மலிவாக வாங்கிய பெயரில்லாத சரக்கு என்றால், அதன்மேல் அச்சடித்திருக்கும் எண்ணையே நான் நம்பமாட்டேன்.